சில்லிட்ட குட்டிக்குப் பால் ஊட்டாதீர்கள்

ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில், சாக்குகளுக்கு நடுவே கண் திறக்காத பூனைக்குட்டிகள் அகப்படும். பசும்பால் பேதியாக்கும் என்று இப்போது எல்லோருக்கும் தெரிகிறது. பூனைக்குட்டிக்கென்றே விற்கும் பால்பவுடரைத் தேடி வாங்குகிறார்கள். அப்புறமும் குட்டி செத்துப்போகிறது. விசாரித்தால், நானும் ஒரு காலத்தில் பண்ணிய அதே தப்புகள்தான்.

உடம்பு சூடாகும் முன்னே பால்

போன மார்கழியில் பக்கத்து வீட்டுத் தங்கச்சி ஒரு குட்டியை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு ஓடி வந்தாள். "ஃபில்லர்ல பால் குடுத்தேங்க்கா, குடிச்சா சூடு வந்துரும்னு நெனச்சேன்." வயிறு உப்பிக் கல்லாகியிருந்தது. கடைவாயில் திரிந்த பால். சாயங்காலத்துக்குள் போய்விட்டது. இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! இன்னும் இதே காரணத்தால் குட்டி சாவதைப் பார்த்தால் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

பச்சைக்குட்டியால் தன் உடம்புச் சூட்டைத் தானே காக்க முடியாது. முதல் வாரத்தில் அது 35 முதல் 37 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் குடல் அசைவு அடங்கிவிடும். பால் செரிக்காமல் கிடந்து புளித்து வாயு கட்டும். விழுங்கத் தெம்பில்லாததால் நுரையீரலுக்குள்ளும் போகும்.

சுண்டுவிரலை அதன் வாய்க்குள் வைத்துப் பாருங்கள். சில்லென்றிருந்தால் ஒரு சொட்டும் கூடாது. துணியில் சுற்றி உங்கள் மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள், அல்லது வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். மெதுவாகத்தான் சூடேற வேண்டும், ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். அது கத்தும்போது மனசு கேட்காது. பொறுத்துக்கொள்ளுங்கள். வாய் வெதுவெதுப்பாகி, விரலைச் சப்பத் தொடங்கிய பிறகு பால்.

மல்லாத்திப் பிடித்து ஊட்டுவது

கூடாது. குப்புறப் படுத்துத்தான் குடிக்க வேண்டும்.

வெளிக்குப் போகவில்லை என்று விளக்கெண்ணெய்

சுமார் மூன்று வாரம் வரை அது தானாகப் போகாது, தாய் நக்கிவிட்டால்தான் போகும். தாய் இல்லாவிட்டால், ஒவ்வொரு முறை பால் கொடுத்ததும் வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் அடிப்பக்கத்தை மெல்லத் துடைத்துவிடுங்கள்.

பேதிக்கு ஓமத்தண்ணி, கிரைப் வாட்டர்

வேண்டாம். நூறு, நூற்றைம்பது கிராம் உடம்பில் தண்ணீர் வற்ற நேரமாகாது. அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். சேலத்துக்குக் கொண்டுபோவதானால் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி முடியும்வரை சட்டைக்குள்ளேயே வைத்திருங்கள். அட்டைப்பெட்டியில் போட்டு வண்டி முன்னால் வைத்தால், மலைக்காற்றிலேயே மறுபடி சில்லிட்டுவிடும்.