ஃபிஸ்டுலா அடைத்துப்போகும் வரை காத்திருப்பானேன்?

டயாலிசிஸ் செய்துகொள்பவரின் கையிலுள்ள ஃபிஸ்டுலா, அதாவது ஊசி போடுவதற்காகத் தமனியையும் சிரையையும் இணைத்து உருவாக்கிய ரத்தவழி, ஒரே இரவில் கெட்டுப்போவது குறைவு. பெரும்பாலும் வாரக்கணக்கில் அடையாளம் காட்டிவிட்டுத்தான் நிற்கும்.

"கையில் துடிக்கிறதே, அப்புறம் என்ன?" என்று நினைப்பதுதான் நான் முதலில் சொல்ல விரும்பும் தவறு. நல்ல ஃபிஸ்டுலாவைத் தொட்டால் விட்டுவிடாமல் மெல்லிய அதிர்வு தெரியும். அது போய், நாடி போல டக் டக்கென்று பலமாக அடித்தால், ரத்தம் போகும் வழியில் எங்கோ சுருங்கியிருக்கலாம். கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பாருங்கள். புடைத்த நரம்பு தளர வேண்டும். தளராமல் விறைப்பாகவே இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஊசியை எடுத்த பின் ரத்தம் நிற்க முன்பைவிட அதிக நேரம் ஆகிறதா? ஒவ்வொரு முறையும் இயந்திரத்தில் வீனஸ் அழுத்தம் (சுத்தமான ரத்தம் உடலுக்குத் திரும்பும் வழியிலுள்ள அழுத்தம்) ஏறிக்கொண்டே போகிறதா? பம்ப் வேகத்தைக் குறைத்து அலாரத்தை அடக்குவது அன்றைய பிரச்சினையை மட்டும்தான் தீர்க்கும். அதையே வழக்கமாக்கினால் சுருக்கமும் தீராது, ரத்தமும் சரியாகச் சுத்தமாகாது.

கை முழுவதும் வீங்கினால் தலையணையில் உயர்த்தி வைத்துவிட்டு இருந்துவிடக் கூடாது. முன்பு கழுத்திலோ தோள்பட்டையிலோ குழாய் போட்டிருந்தால், நெஞ்சுப் பகுதியிலுள்ள பெரிய சிரை சுருங்கியிருக்கக்கூடும். எந்தப் பக்கம் குழாய் போட்டார்கள் என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

சுருக்கத்தைச் சரிசெய்யப் பெரும்பாலும் கத்தி வைக்க வேண்டியதில்லை. அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, ஊசித்துளை வழியாக மெல்லிய கம்பியைச் செலுத்தி, சுருங்கிய இடத்தில் பலூனை விரிப்பார்கள். பொதுவாக அன்றே வீட்டுக்குப் போகலாம். பலூன் விரியும் சில நொடிகள் வலிக்கும். பல்லைக் கடித்துக்கொள்ளாமல் சொல்லிவிடுங்கள், மருந்து தருவார்கள். ரத்தக்குழாய் படத்தில் தெரியச் செலுத்தும் சாயமருந்துக்கு ஒவ்வாமை இருந்தால் முன்னமே தெரிவியுங்கள். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

சில மாதங்களில் அதே இடம் மறுபடி சுருங்கலாம். பலூன் பட்ட சுவரில் திசு திரும்பவும் தடிப்பதுதான் காரணம். இதை மருத்துவரின் தவறு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எதிர்ப்பக்கமும் ஒரு தவறு உண்டு: ஸ்கேனில் சுருக்கம் தெரிந்தது என்பதற்காக மட்டும் பலூன் போடுவது. டயாலிசிஸ் நன்றாக நடக்கிறது, கையிலும் மாற்றமில்லை என்றால், அமெரிக்க தேசிய சிறுநீரக அறக்கட்டளையின் 2019 கேடிஓக்யூஐ (KDOQI) வழிகாட்டுதல் அப்படி முன்கூட்டியே விரிப்பதைப் பரிந்துரைக்கவில்லை.

அதிர்வே நின்றுவிட்டால்? அடுத்த டயாலிசிஸ் நாளில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள், அன்றே அழையுங்கள். தேய்த்துவிடவும் கூடாது, கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போகக்கூடும். ரத்தக்கட்டி புதிதாக இருக்கும்போது குழாய் வழியாகவே எடுக்க வாய்ப்பு அதிகம். தள்ளிப்போனால் அது சுவரோடு ஒட்டிக்கொள்ளும். ஃபிஸ்டுலா சரியாகும்வரை டயாலிசிஸுக்குக் கழுத்தில் குழாய் போட நேரும், கூடவே கிருமித் தொற்று அபாயமும் வரும். சிவந்து, சீழ் வைத்திருந்தால் அதையும் மறைக்காதீர்கள். தொற்றுள்ள இடத்தில் இந்தக் கட்டி எடுக்கும் முறையைச் செய்ய மாட்டார்கள்.