மலையில் மரம் நடக் கிளம்பும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் நிலம் வைத்திருப்பவர்கள், இயற்கைக்கு ஏதாவது செய்யலாம் என்று தோன்றியதுமே நர்சரிக்கு ஓடுகிறார்கள். தவறு அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது.

புல்வெளியைத் தரிசு என்று நினைப்பதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. மலையின் உயரமான பகுதிகளில், ஓடையோரப் பள்ளங்களில் சோலை என்னும் அடர்ந்த குட்டைக் காடு, மேட்டிலும் சரிவிலும் புல், இதுதான் ஆதியிலிருந்து உள்ள அமைப்பு. டிசம்பர், ஜனவரி உறைபனியில் வெட்டவெளியில் நட்ட சோலைக் கன்று கருகிவிடும், புல் தாங்கிக்கொள்ளும். வெள்ளைக்காரர்களும் இதை வெறும் நிலமாகப் பார்த்துத்தான் கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) சீகையையும் (வாட்டில்) கொண்டுவந்தார்கள், அவை மூடிய இடத்திலெல்லாம் வரையாட்டுக்கு மேய்ச்சல் போயிற்று, நீலகிரி நெட்டைக்காலிப் பறவைக்குக் கூடு கட்ட இடம் போயிற்று. 2018-இல் குறிஞ்சி பூத்ததும் இந்தத் திறந்த சரிவுகளில்தான். நாட்டு மரம்தானே என்று அங்கே நாவல் கன்று வைத்தாலும் தப்பு தப்புதான். சதுப்பை வாய்க்கால் வெட்டி வடித்துவிட்டு, கோடையில் ஓடை வற்றிவிட்டது என்று புலம்புவதும் இதே வகை.

அடுத்து, சீகைத் தோப்பை ஒரே மூச்சில் மொட்டையடிப்பது. அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும், வெயில் பட்டதும் கீரைப்பாத்தி மாதிரி முளைத்துவிடும். முளைப்பதை வருடா வருடம் பிடுங்க ஆள் இல்லையென்றால் வெட்டாமலே விடலாம். பழனி மலையில் பழைய தோப்புகளின் நிழலில் சோலைக் கன்றுகள் தாமாகவே வந்திருக்கின்றன, அதனால் முதலில் குனிந்து கீழே பாருங்கள். அப்புறம், பட்டா நிலமே ஆனாலும் 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மரம் வெட்ட அனுமதி வேண்டும்.

வேம்பு, புங்கன் எல்லாம் சமவெளி மரங்கள். இந்தக் குளிருக்கு ஆகாது.

சரி, எதைத்தான் வைப்பது? சோலை ஓரமாக இருந்தால் விக்கி, தவிட்டுப்பழம், காட்டுச் செண்பகம். புல்லுக்கு நடுவில் ஒன்றிரண்டு மரம் நின்றே ஆக வேண்டுமென்றால் சிவப்பாகப் பூக்கும் காட்டுப்பூவரசு, பனியையும் தீயையும் தாங்கும் மரம் அது. விதை பக்கத்துச் சோலையிலிருந்தே வந்ததா என்று நர்சரியில் கேளுங்கள்.

உண்ணிச்செடியை (லந்தானா) மேலாக அரிவாளால் சீவினால் இரண்டு மடங்காகத் தழைக்கும், காய்க்கும் முன் வேரோடு எடுக்க வேண்டும், பழுத்துவிட்டால் பறவைகளே ஊரெல்லாம் விதைத்துவிடும். கடைசியாக வேலி. நிலத்தைச் சுற்றி முள்கம்பி கட்டினால் கடமான் சிக்கிக்கொள்ளும், காட்டெருமை கம்பியை அறுத்துக்கொண்டு போய்விடும். கன்று வைத்த இடத்துக்கு மட்டும் தடுப்பு போட்டு, விலங்குகள் போகும் ஓடையோரத் தடத்தைத் திறந்தே விட்டுவிடுங்கள்.