மலை இல்லாத ஊரிலிருந்து மலைப் படம் பார்ப்பது எப்படி?

ராமேஸ்வரத்துக்குப் பக்கத்திலுள்ள எங்கள் மண்டபம் ஊரில் எந்தத் திசையில் திரும்பினாலும் அடிவானம் ஸ்கேல் வைத்து இழுத்த கோடுதான். ராமேஸ்வரத்தில் கந்தமாதன பர்வதம் இருக்கிறதே என்பீர்கள். பேர்தான் பர்வதம், ஏறிப் பார்த்தால் மணல் மேடு. அதனால் ஓவிய நண்பர் கொடைக்கானலில் வரைந்த பத்து பென்சில் படங்களைக் கொடுத்தபோது, சீட்டுக்கட்டு மாதிரி புரட்டிவிட்டு வைத்துவிட்டேன். எல்லாமே தபால் அட்டை அளவு. பார்க்கப் பழகியது அப்புறம்தான்.

1. புத்தகம் படிக்கும் தூரத்தில் பிடியுங்கள். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும். நேராக விழுந்தால் பென்சில் கரி பளபளத்து, கறுப்பு சாம்பலாகத் தெரியும். ஓரத்தை மட்டும் தொடுங்கள். நம் ஊர் பிசுபிசுப்புக்குப் படமே விரலோடு வந்துவிடும்.

2. தூரத்தைப் பாருங்கள். இது நமக்குத் தெரிந்த விஷயம்தான். பாம்பன் ரோடு பாலத்தில் நின்றால் ரயில் பாலத்தின் கிட்டத் தூண்கள் கறுப்பாகவும், தள்ளிப் போகப் போக வெளிறியும் தெரியும். இடையிலுள்ள ஈரக்காற்று செய்யும் வேலை. மலையிலும் அதேதான். முன்னால் இருக்கும் பாறைக்கு 4பி, 6பி என்ற கறுப்பான பென்சில்கள். கடைசி மலைத்தொடருக்கு எச் பென்சில். கரியில் களிமண் கூடினால் எச், கோடு வெளிறும். ஒரே பென்சிலை அழுத்தியும் தளர்த்தியும் இதைச் சாதிப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு என் தனிக் கும்பிடு.

3. வரையாத இடத்தைத் தேடுங்கள். இதற்குத்தான் அதிக நேரம் வேண்டும். தூண் பாறைப் படத்தில் பாதித் தாள் வெறுமையாக இருந்தது. முடிக்காமல் விட்டுவிட்டார் என்றே நினைத்தேன். நாலாவது தடவை பார்த்தபோதுதான் அந்த வெள்ளைக்குள் மூன்று மர நுனிகள் தெரிந்தன, எறும்பு அளவில். சரி, அது மூடுபனி! மரங்கள் கழுத்துவரை மூழ்கி நிற்கின்றன. தண்ணீருக்கு மேல் தெரியும் பாறை முனையை வைத்து அடியில் கிடப்பதை வல்லக்காரர் கணிப்பாரே, அதே கணக்கு.

4. அவசரமாக இழுத்த கோடுகளை மட்டமாக எண்ணாதீர்கள். 1802-இல் ஆல்ப்ஸ் மலைக்குப் போன ஆங்கில ஓவியர் டர்னரும் நோட்டுகளில் பென்சிலால் குறித்துக்கொண்டுதான் ஊர் திரும்பினார்; வண்ண ஓவியங்கள் பிறகு வந்தன.

5. படத்திலேயே சின்னப் பொருளைக் கண்டுபிடியுங்கள். குடிசை, மாடு, எதுவானாலும் சரி. அதை விரலால் மறைத்துப் பாருங்கள். மலை சட்டென்று சுருங்கி நம் கந்தமாதனம் ஆகிவிடும். விரலை எடுங்கள், மறுபடி கொடைக்கானல்.