சிறு கடையின் இணையதளத்தில் வாடிக்கையாளர் விவரங்களைக் காப்பது எப்படி?

கைத்தறிச் சேலையோ பலகாரமோ இணையத்தில் விற்கத் தொடங்குபவர், வாங்க வருபவரைப் பற்றிய எந்தெந்த விவரங்கள் தம்மிடம் வந்து சேர்கின்றன என்பதை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். பெயர், முகவரி, கைப்பேசி எண் ஆகியவை வாடிக்கையாளர் தெரிந்தே தருபவை. ஐ.பி. முகவரியும் (இணையத்தில் அவருடைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்) அவர் எந்தப் பக்கத்தை எப்போது பார்த்தார் என்பதும், அவர் எதையும் நிரப்பாமலேயே, தளம் இயங்கும் கணினியான சர்வரில் பதிவாகிவிடுகின்றன. தளத்தில் விளம்பர நிறுவனங்களின் நிரலைச் சேர்த்திருந்தால், குக்கீ (அவருடைய உலாவியில் சேமிக்கப்படும் சிறு கோப்பு) வழியாக அந்த நிறுவனங்களுக்கும் விவரங்கள் போகும். இதைத்தான் பட்டியலில் சேர்க்கத் தவறிவிடுகிறோம்.

அடுத்து, ஆர்டர் படிவத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்து, இது இல்லாமல் பார்சல் போய்ச் சேருமா என்று கேளுங்கள். சேரும் என்றால் அந்தக் கட்டத்தை எடுத்துவிடுங்கள். சேலை வாங்குபவரின் பிறந்த தேதி கடைக்கு எதற்கு? 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், சொன்ன நோக்கத்துக்குத் தேவையான விவரத்துக்கு மட்டுமே ஒப்புதல் செல்லும் என்கிறது. முன்கூட்டியே டிக் போட்டு வைத்த பெட்டி ஒப்புதல் ஆகாது. கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறுவதும் கொடுத்த அளவுக்கு எளிதாக இருக்க வேண்டும். எந்த விவரத்தை எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லும் அறிவிப்பைத் தமிழிலும் படிக்கும் வாய்ப்பை வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் உண்டு என்றாலும், அதுவரை காத்திருக்க நியாயமான காரணம் எதுவும் இல்லை.

தகவலை இடையில் யாரும் படிக்க முடியாதபடி மறைத்து அனுப்பும் எச்.டி.டி.பி.எஸ். முகவரியில் மட்டுமே தளம் இயங்க வேண்டும். பாஸ்வேர்டை உள்ளபடியே சேமிக்காமல், திரும்ப மீட்க முடியாத வடிவில் ஆர்கான்2 அல்லது பிகிரிப்ட் என்ற மென்பொருள் முறையில் மாற்றிச் சேமிக்கச் சொல்லுங்கள். தளத்தை உருவாக்கியவர் இதைச் செய்தாரா என்று அறிய ஒரு சோதனை உண்டு: "பாஸ்வேர்ட் மறந்துவிட்டது" என்பதை அழுத்தும்போது பழைய பாஸ்வேர்டே மின்னஞ்சலில் வந்தால், அவர் செய்யவில்லை. கார்டு எண்ணைக் கடைக்காரர் சேமிக்கவே கூடாது என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2022 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருப்பதால், பணம் செலுத்தும் பகுதியை, இணையத்தில் பணம் பெற்றுத் தரும் பேமென்ட் கேட்வே நிறுவனத்திடமே விட்டுவிடுங்கள்.

இவ்வளவையும் செய்துவிட்டு, அன்றைய ஆர்டர்களை எக்செல் கோப்பாக இறக்கி வாட்ஸ்அப் குழுவில் போட்டால் பயனில்லை. அந்தக் கோப்பு குழுவில் உள்ள அத்தனை பேரின் கைப்பேசியிலும் தங்கிவிடும். வேலையை விட்டுப் போனவரின் கைப்பேசியிலும் இருக்கும். பார்சல் கட்டுபவருக்கு முகவரிச் சீட்டு போதும். பணியாளர் ஒவ்வொருவருக்கும் தனி லாகின் கொடுத்து, ஓ.டி.பி.யும் கேட்கும்படி அமைத்து, அவர் விலகும் அன்றே அதை மூடிவிடுங்கள். ஜி.எஸ்.டி. கணக்குக்கான பில்களைச் சட்டம் சொல்லும் காலம்வரை வைத்திருக்க வேண்டியதுதான்; ஆனால் வாங்காமல் பாதியில் போனவரின் எண்ணை அழித்துவிடலாம். பேக்கப்பிலிருந்தும் அது நீங்க வேண்டும்.

விவரங்கள் கசிந்துவிட்டால் மறைக்காதீர்கள். இணையப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்கு 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற உத்தரவு 2022 முதல் இருக்கிறது. மேலே சொன்ன 2023ஆம் ஆண்டுச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தபின், பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும், அந்தச் சட்டத்தின்படி அமைந்த தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் தெரிவிப்பது கட்டாயமாகும். வாடிக்கையாளருக்கு அனுப்பும் செய்தியில் எது கசிந்தது, எப்போது கசிந்தது, அவர் உடனே எதை மாற்ற வேண்டும், யாரை அழைக்கலாம் ஆகிய நான்கும் இருக்கட்டும்.