துத்தநாக வெயில் பசையில் கட்டி தட்டாமல் இருக்க

வெயிலிலிருந்து தோலைக் காக்கும் பசையை வீட்டில் செய்ய: தேன்மெழுகு 15 கிராம், தேங்காய் எண்ணெய் 45, ஷியா வெண்ணெய் 20, நானோ அல்லாத (மீநுண் துகளாக இல்லாத) துத்தநாக ஆக்சைடு தூள் 20. தூளை எடைபோடும்போது முகக்கவசம் கட்டாயம். மூச்சில் போகக் கூடாது.

முதல்முறை கட்டி கட்டியாக வந்ததற்குக் காரணம், தூளை உருகிய மெழுகில் நேரடியாகக் கொட்டியதுதான். இப்போது அந்தத் தேங்காய் எண்ணெயில் 15 கிராம் எடுத்து, அதோடு தூளைக் கல்வத்தில் மையாக அரைத்தபின் உருகிய மெழுகில் சேர்க்கிறேன். சூடாகவே டப்பாவில் ஊற்றினால் துத்தநாகம் அடியில் தங்கிவிடும், மேலே வெறும் எண்ணெய்தான் மிஞ்சும். ஆறிக் கூழாகும்வரை விடாமல் கிண்டுங்கள். வெயிலில் இளகினால் மெழுகு 20, எண்ணெய் 40.

மெழுகு இருப்பதால் வியர்வையில் சட்டென்று வழியாது. ஆனால் எஸ்பிஎஃப் (வெயிலிலிருந்து காக்கும் அளவு) எவ்வளவு என்று வீட்டில் அளக்க வழியே இல்லை. நீச்சலுக்கும் உச்சிவெயிலுக்கும் குழந்தைகளுக்கும் பரிசோதிக்கப்பட்ட கடைக் கிரீம்தான்.