கோணல் காய்கள்: வீட்டுத் தோட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளரி கொக்கிபோல் வளைந்தும், கேரட் இரண்டு மூன்று கால்களாகப் பிரிந்தும், தக்காளி மடிப்பு மடிப்பாகத் தழும்பேறியும் காய்க்கும்போது, செடிக்குச் சத்துப் போதவில்லை என்று முடிவுகட்டி உரத்தை அள்ளி வைப்பதுதான் வீட்டுத் தோட்டத்தில் பலரும் செய்யும் முதல் தவறு. காயின் வடிவம் பெரும்பாலும் பூவிலோ இளம் வேரிலோ தீர்மானமாகிவிடுகிறது. கோணலை நாம் காணும் நாளில் அதற்கான காரணம் எப்போதோ நடந்து முடிந்திருக்கும் என்பதால், அந்தக் காயைத் திருத்த வழியில்லை. அடுத்த காயைத்தான் காப்பாற்ற முடியும்.

கேரட், முள்ளங்கி இரண்டிலும் குறை மண்ணில் தொடங்குகிறது. முளைத்த சில வாரங்களிலேயே ஆணிவேர் கீழே இறங்கிவிடும். அதன் நுனி கல்லிலோ இறுகிய அடிமண்ணிலோ முட்டிச் சிதைந்தால், பக்க வேர்கள் பருத்துக் கிழங்கு கவைபோல் பிரியும். பாத்தியை 30 செ.மீ. ஆழம் வரை கொத்திக் கல்லையும் கட்டியையும் நீக்காமல் விதைப்பது, மக்காத சாணத்தை இடுவது, நாற்றுவிட்டுப் பிடுங்கி நடுவது ஆகிய மூன்றும் இதற்கு வழிவகுக்கும். நாற்று நடவை நான் குறிப்பாக எச்சரிப்பேன். எவ்வளவு பக்குவமாகப் பிடுங்கினாலும் வேர்நுனி அறுபடும் என்பதால், இவற்றை நேரடியாகவே விதைக்க வேண்டும். முளைத்த கன்றுகளைப் பிடுங்க மனமில்லாமல் நெருக்கமாக விட்டுவைத்தால் கிழங்குகள் ஒன்றையொன்று சுற்றிக்கொள்ளும், 5 செ.மீ. இடைவெளியாவது இருக்கும்படி கலைத்துவிடுவது நல்லது.

வெள்ளரியின் கோணலைப் புரிந்துகொள்ள, வளைந்த காய் ஒன்றை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தாலே போதும். பருத்த பகுதியில் விதைகள் திரண்டிருக்கும். ஒடுங்கிய பகுதியில் அவை தட்டையான வெறும் தோலாகக் கிடக்கும். வளரும் விதைகள்தாம் தம்மைச் சுற்றியுள்ள சதையைப் பருக்கவைக்கின்றன என்பதால், மகரந்தம் அரைகுறையாகச் சேர்ந்த காய் ஒருபுறம் வீங்கி மறுபுறம் சூம்பிப்போகிறது. அப்படியிருக்க, பூ விரிந்திருக்கும் காலை வேளையில் பூச்சிமருந்து தெளித்துத் தேனீக்களை விரட்டுவதைவிடப் பெரிய தவறு இல்லை. தேனீ வராத மாடியிலும் வலைக்கூடாரத்திலும், அன்று விரிந்த ஆண் பூவின் இதழ்களை நீக்கி, அடியில் பிஞ்சுடன் இருக்கும் பெண் பூவின் நடுவில் மகரந்தத்தை ஏற்கும் சூல்முடி முழுவதிலும், ஒரு மடலும் விடுபடாமல், மென்மையாகத் தடவ வேண்டும். சுரை, புடல் ஆகியவற்றின் பூக்கள் மாலையில் விரிபவை. அவற்றுக்குக் காலையில் முயல்வது பயன் தராது. மகரந்தச் சேர்க்கையின்றியே காய்க்கும் வெள்ளரி இரகங்களும் உண்டு. விதை உறையைப் படித்து, அவற்றுக்குக் கைச்சேர்க்கை செய்யாமல் விட்டுவிட வேண்டும்.

தக்காளியின் அடிப்புறத்தில் தோன்றும் பிளவும் தழும்பும் நோயல்ல. மொட்டு உருவாகும் பருவத்தில் குளிர் தாக்குவதே இதற்கு முக்கியக் காரணம். பெரிய பழம் தரும் இரகங்களில் இது அதிகம். இரவு வெப்பநிலை 13 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கும் காலத்தில் அவசரப்பட்டு நடுவதையும், தழைச்சத்தை (நைட்ரஜனை) மிகுதியாகக் கொடுப்பதையும் தவிர்த்தாலே பெருமளவு குறையும்.

தண்ணீரைப் பல நாள் மறந்துவிட்டு ஒரே நாளில் பாய்ச்சினால் உருளைக்கிழங்கில் கொம்புகள் முளைக்கும், தக்காளி வெடிக்கும். வைக்கோல், சருகு போன்றவற்றால் மண்ணை மூடும் மூடாக்குப் போட்டு ஈரத்தைச் சீராக வைத்திருப்பதே இதற்கு மருந்து.

எல்லாக் கோணலையும் ஒன்றாகப் பாவித்து எறிந்துவிடுவதும், எதையும் பாராமல் விட்டுவிடுவதும் தவறே. வளைவு மட்டும் இருக்கும் காய் சுவையிலோ சத்திலோ குறைந்ததன்று, தாராளமாகச் சமைக்கலாம். ஆனால் வளைவின் உட்புறத்தில் ஊசி குத்தியது போன்ற புள்ளியும் பிசின் கசிவும் தென்பட்டால் பழ ஈ முட்டையிட்டிருக்கிறது என்று பொருள். அத்தகைய பிஞ்சுகளை உரக்குழியில் போடாமல் நெகிழிப் பையில் இறுகக் கட்டி வெயிலில் வைத்து அழித்துவிட்டு, மற்ற பிஞ்சுகளுக்குப் பூ வாடியவுடன் காகித உறை மாட்ட வேண்டும். கேரட்டின் மெல்லிய வேர்களில் மணிமணியாக முடிச்சுகள் இருந்தால் அது மண்ணில் வாழும் நுண்ணிய நூற்புழுவின் வேலை. அதே பாத்தியில் மறுபடியும் கேரட்டையோ தக்காளியையோ வெண்டையையோ போடாமல், சில பருவங்களுக்குச் செண்டுமல்லி போன்ற பயிருக்கு மாற வேண்டும்.