வம்ச அட்டவணையைப் புரட்டித் தள்ளாதீர்கள்

வேதாகமத்தில் 1 நாளாகமம் என்ற நூலின் முதல் 9 அதிகாரங்கள் பெரும்பாலும் பெயர்கள்தான், பலரும் புரட்டிவிடுவார்கள். பென்சிலோடு உட்காருங்கள். ‘இன்னாரின் மகன் இன்னார்’ என்ற ஓட்டம் எங்கே தடைபடுகிறதோ அங்கே கோடிடுங்கள். யாபேஸ் என்பவரின் ஜெபம் (4:10) அப்படித்தான் நடுவில் வருகிறது. 7:24 இன்னும் சுவையானது: எப்பிராயீம் வம்சத்துச் சேராள் என்ற பெண், மேல் பெத்தொரோன், கீழ் பெத்தொரோன் என்ற ஊர்களைக் கட்டினாள். ஊர் கட்டிய பெண்ணுக்கு ஒரே ஒரு வசனம்!

பிறகு எஸ்றா 2:61-63. பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பிய சில ஆசாரிய (குருமார்) குடும்பங்கள் அட்டவணையில் தங்கள் பெயரைத் தேடியும் காணவில்லை. ஊழியத்திலிருந்து விலக்கப்பட்டார்கள், ஆசாரியர்களுக்கு உரிய மகா பரிசுத்த உணவிலும் பங்கில்லை. பிழைப்பே அந்த ஏட்டில்தான் இருந்தது. நிலமும் அப்படியே: எண்ணாகமம் 27-இல் செலோப்பியாத்தின் ஐந்து மகள்களும் தகப்பன் பெயரைச் சொல்லித்தான் காணியாட்சி கேட்கிறார்கள்.